வெட்டியது வெட்டியவளுக்கு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் கால் நோகாமல் மாடிக்கு அனுப்பிவைப்பதுதான் அவர் பிழைப்பு. அந்த மனுஷன், ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய், அதைச் சரிசெய்ய உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் ஓடாத கட்டடம். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அங்கே குடியிருந்தவர்கள் மாற்றி மாற்றிப் படிவழியாகத் தூக்கி இறக்கினார்கள். "ரிப்பேர் பண்ணிட்டு விழுந்திருக்கக் கூடாதா" என்று அவர்களில் ஒருவர் கடைசிப் படிவரை முனகிக்கொண்டே வந்தாராம். இதை என் வீட்டுக்காரரே சொல்லிச் சிரித்தார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு.

அடைப்பை நீக்கி, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் தலைமை ஆசிரியையே தோற்றுப்போவாள். "வெண்ணெய், கொழுப்பு, பொரிச்சது எல்லாத்தையும் குறைக்கணும், கவனமாப் பாத்துக்குங்க" என்று சொல்லும்போது அவர் பார்த்தது என்னை. தின்றவர் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கோழி வாங்கினால் தோல் அவருக்கு. ஆட்டுக்கறி என்றால் கொழுப்பும் நல்லி எலும்பும் அவருக்கு. பால் காய்ச்சினால் மேலே படியும் ஆடை அவருக்கு. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிற மாதிரி பூசுவார். "என்னங்க இது" என்று கேட்டால், "உழைக்கிற உடம்பு" என்பார். பொத்தானை அமுக்கினால் ஓடுகிற மெஷினோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அவ்வளவு உழைப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை.

இனி இதெல்லாம் கிடையாது என்று வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கீழ்வீட்டில் இருக்கும் என் நாத்தனார் மூச்சிரைக்க மேலே வந்து, "நல்லா தின்னு வளந்த உடம்பு அண்ணி, திடீர்னு நிறுத்தினா தாங்காது" என்றாள். தின்னு வளர்ந்த உடம்புதான் ஆஸ்பத்திரிவரை போய்விட்டு வந்தது என்று நான் சொன்னதும், எனக்கு எப்போதுமே வாய் அதிகம் என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு பக்கம் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, சுவர் நெடுகச் சரிசெய்ய வந்த உடுப்புகள். புதுத்துணி தைப்பதைவிட, பிடிப்பதும் பிரிப்பதும்தான் எனக்கு அதிகம் வரும் வேலை. நான் வேலை கற்றுக்கொண்ட பெரிய தையல்கடையில் ஒரு சட்டம் உண்டு: வெட்டும்போது மிஞ்சுகிற துண்டு, வெட்டியவருக்கு. முதலாளிகூட அதில் கை வைக்கமாட்டார். அப்படிச் சேர்த்த துண்டுகளில்தான் என் மகளுக்குச் சின்ன வயதுச் சட்டைகள் எல்லாம் தைத்தேன். எங்கள் வீட்டுத் தலையணை உறைகளை உற்றுப் பார்த்தால் பாதித் தெருக்காரர்களின் சட்டை அடையாளம் தெரியும். துண்டுத் துணியைக் குப்பையில் போட என் கைக்கு வரவே வராது.

இந்தச் சட்டத்தை நான் அடுப்படிக்குக் கொண்டுபோனதுதான் வினை.

முதல் நாள் முட்டை. அவருக்கு வெள்ளைக்கரு மட்டும் என்று பிரித்தேன். மஞ்சள்கரு கிண்ணத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. கொட்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், கை போகவில்லை. வீட்டில் நாய் கிடையாது, பூனை கிடையாது. நாத்தனாருக்குக் கொடுத்தால் அண்ணன் வாயிலிருந்து பிடுங்கி எனக்குப் போடுகிறாயா என்று ஒப்பாரி வைப்பாள். கொஞ்சம் உப்பு, மிளகுத்தூள் தூவி, வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி நானே வாயில் போட்டுக்கொண்டேன். அவரை எதிரே வைத்துக்கொண்டு தின்றால் பாவம் என்று அடுப்படியிலேயே, நின்றபடியே. அது எனக்குச் சாப்பாடாகவே தோன்றவில்லை. பாத்திரத்தை ஒழிப்பதில் ஒரு பாதி என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது கோழித் தோல். அவர் தட்டுக்குப் போகும் துண்டுகளிலிருந்து தோலை உரித்தேன். உரித்ததை என்ன செய்வது? வாணலியில் போட்டால் அதிலிருந்தே எண்ணெய் விட்டுக்கொண்டு மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. அதுவும் வெட்டியவளுக்குத்தான். பிறகு பாலாடை, அதில் கொஞ்சம் சர்க்கரை. பிறகு கறியில் அரிந்தெடுத்த கொழுப்பு. அவர் கூடத்தில் உட்கார்ந்து வேகவைத்த காய்கறியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் உள்ளே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மென்றுகொண்டிருப்பேன்.

"என்ன பண்றே உள்ள?"

"பாத்திரம் ஒழிக்கிறேன்."

"வாசனை வருது."

"பக்கத்து வீட்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாக இருந்தது. அப்படியொரு ருசி இருக்கிறது என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. சமைத்தது நான், பரிமாறியது நான், ஆனால் மொறுமொறுப்பான தோல் நாக்கில் எப்படிக் கரையும் என்று அப்போதுதான் கண்டேன். காலையில் எழுந்ததும் முட்டை ஞாபகம் வரும். மெஷினில் உட்கார்ந்து காலர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மத்தியானம் கோழியா கறியா என்று மனசு போகும். அவர் உடம்பைத் தேற்றுவதில் எனக்கு வந்த உற்சாகத்தைப் பார்த்துத் தெருவே மெச்சியது. புருஷனுக்காக அந்தம்மா என்ன பாடு படுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அவரும் தேறினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் பார்த்ததில் இடுப்பு குறைந்தது. பேண்ட்டுகள் நழுவ ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக மேஜையில் போட்டு இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். டேப் வைத்து அளந்து, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். வெளியூரில் இருக்கும் மகள் தினமும் போன் பண்ணி, "அப்பா எப்படி இருக்காரும்மா?" என்று கேட்பாள். இடுப்புச் சுற்றளவையே அவளுக்குப் பதிலாகச் சொல்வேன்.

அதே மேஜையில் என் உடுப்புகளையும் பிரித்து விட்டுக்கொண்டிருந்தேன். கவனித்துச் செய்ததில்லை. அக்குளில் இறுக்கினால் கை தானாகப் பிரிப்பூசியை எடுத்து ஒரு தையலைப் பிரித்துவிடும். நாங்கள் தைக்கும்போது உள்ளே கூடுதல் துணி விட்டுத்தான் தைப்போம், அது எதற்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கூடுதல் துணியும் தீர்ந்தபோது சோப்புத்தூளை மாற்றினேன், துணி சுருங்குகிறது என்று.

மேஜைமேல் குனிந்து வெட்டினால் தோள்பட்டையிலிருந்து தாடைவரை ஏதோ இழுத்துப் பிடிக்கும். தையல்காரிக்குத் தோள் வலிக்காமல் யாருக்கு வலிக்கும்? வெந்நீர் குடிப்பேன். மாடிப்படியில் பாதியில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பேன். வாயு என்று நாத்தனாரும் சொன்னாள். அவள் சொல்லி நான் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

அவரை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லா குறைஞ்சிருக்கு. வீட்ல என்ன குடுக்கிறீங்க?" என்று என்னிடம் கேட்டார். கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். வெள்ளைக்கரு மட்டும், தோல் உரித்த கோழி, ஆடை எடுத்த பால், கொழுப்பு அரிந்த கறி. பரிசு வாங்க மேடையேறின மாதிரி சொல்லிக்கொண்டே போனேன்.

"எடுத்ததெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்க டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு மூக்கு இல்லையா? பக்கத்து வீட்டு அடுப்பு தினமும் நம்ம வீட்லதான் எரியும்போலன்னு நினைச்சுக்குவேன். நான் சாப்பிட முடியாததைப் பாவம் இவளாவது சாப்பிடட்டும்னுதான் வாயைத் திறக்கல." பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா டாக்டர், லிஃப்ட்லேருந்து இந்த ரூமுக்கு நடந்து வந்தோம். அதுக்குள்ள இவ நின்னு சுவத்தைப் பிடிச்சா. எத்தனையோ லிஃப்ட் பாத்திருக்கேன். மோட்டார் திணறும்போது எனக்குத் தெரியும்."

"இன்னிக்கு நோயாளி அவர்" என்றேன் நான், டாக்டரம்மாவிடம்.

டாக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாடை வலிக்கிறதா, முதுகில் இழுக்கிறதா, படியேறினால் எப்படி இருக்கிறது என்று கேள்விமேல் கேள்வி. நான் வாயு என்றேன். தையல் என்றேன். வயசு என்றேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டச் சொன்னார். இயந்திரம் துப்பின காகிதத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டாம்" என்றார். மெஷின்மேல் ஒரு கோட்டு பாதியில் நிற்கிறது, சாயங்காலம் வாங்க வருவார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சக்கர நாற்காலி வந்துவிட்டது.

எனக்கும் அடைப்பு இருந்தது. எனக்கும் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே கட்டில் வரிசை. எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நாங்கள் இவ்வளவு ஜோடியாக இல்லை. நாத்தனார் வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்க அண்ணனை யாரு அண்ணி பாத்துக்குவா?" என்று அழுதாள். எனக்காகவும் கொஞ்சம் அழுதிருப்பாள், அதைப் பிறகு சேர்த்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சில மாசத் தோலும் மஞ்சக்கருவும் மட்டும் இதைப் பண்ணலை. உங்களுக்கு ரத்த அழுத்தம் ரொம்ப நாளா இருந்திருக்கு. நீங்க பாத்துக்கவே இல்லை. அதுக்கு மேல இது. அவரு விழுந்தப்பவே உங்களையும் பாத்திருக்கணும், ஒரே அடுப்புல சாப்பிடறவங்க" என்றார். பிறகு, "இனிமே சுலபம். ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு" என்றார்.

நல்லதைத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உயிர் பிழைத்ததற்குக் கும்பிட வேண்டியவளுக்குக் கோபம் வந்தது.

"அவரு இத்தனை வருஷம் ஆசை தீரத் தின்னுட்டுத்தானே நெஞ்சைப் பிடிச்சாரு? எனக்கு இப்பத்தானே டாக்டரம்மா தட்டுல விழ ஆரம்பிச்சுது?"

கால்மாட்டில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், "என்ன சொல்றே நீ?" என்றார்.

"உங்களுக்கு நெஞ்சு வலி வராம இருந்திருந்தா, கோழித் தோல் எப்படி இருக்கும்னு தெரியாமலே நான் செத்துப்போயிருப்பேன். அதைத்தான் சொல்றேன்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று சொல்ல வந்திருப்பார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்தான், கெட்டவர் இல்லை. ஆனால் அவர் என்றைக்காவது கேட்டு வாங்கித் தின்றாரா? போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படி அவர் கைக்குப் போனது. நான் சாய்வு நாற்காலியில் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பேன். முட்டை உடையும். வெள்ளைக்கரு பிரியும். பிறகு நெடுநேரம் சத்தமே இருக்காது.

"இதை என்ன பண்றது?"

"கொட்டுங்க."

"மனசு வரலையே."

"வரலைன்னா ரெண்டாவது ஸ்டென்ட் உங்களுக்குத்தான். கொட்டுங்க."

கொட்டாமல் கிண்ணத்தோடு வாசலுக்குப் போய்விட்டார். என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தால், படியில் நாத்தனார் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறாள். "வீணாக்கலாமா அண்ணி? நான் பாத்துக்கறேன்" என்கிறாள், தியாகி மாதிரி. கீழ்வீட்டிலிருந்து இந்த மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிற தியாகி. கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் கத்தினேன். கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வா, அப்புறம் பேசு என்றேன். போனாள். அவளுக்கும் இருந்தது. இப்போது மாத்திரை போட்டுக்கொள்கிறாள். என் வாய் அதிகம் என்று சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் முட்டையை முழுசாகவே போடச் சொல்லிவிட்டேன், ஆனால் தினமும் இல்லை, டாக்டரம்மாவைக் கேட்டு அவர் சொன்ன அளவுக்கு. அடுத்த தடவை போனபோது கோழியையும் கேட்டோம். கேட்டது அவர். "வாரத்துல ஒரு நாள், ஆளுக்கு ஒரு துண்டு, தோலோட. அவளுக்கு அது வேணும் டாக்டர்" என்று, கடையில் பேரம் பேசுகிற மாதிரி குனிந்து கேட்டார். டாக்டரம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாத்திரையை விடக் கூடாது, தினமும் நடக்கணும், பொரிக்கக் கூடாது, ஒன்றோடு எழுந்துவிடணும் என்று வரிசையாகக் கட்டளை போட்டுவிட்டுச் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே கோழி வாங்கிவந்தார். முழுசாக, வெட்டாமல். பூண்டும் எலுமிச்சையும் தேய்த்து அடுப்பில் வாட்டி, அடிப்பாகத்தைக் கொஞ்சம் கருக்கிவிட்டார். பரவாயில்லை. மேஜை நடுவில் வைத்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார். பார்க்கிறவர்கள் நெருப்பு அணைக்க வந்தவர் என்று நினைக்கிற அளவுக்கு வியர்த்திருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு, வெட்டாமல் என்னைப் பார்த்தார்.

"உனக்கு எந்தத் துண்டு பிடிக்கும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கழுத்தும் முதுகும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளுக்குக் கால், அவருக்குத் தொடை, விருந்தாளிக்கு மார்பு என்று போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சுவதைத்தான் அத்தனை வருஷமும் நான் எடுத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் எனக்கு அதுதான் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. இப்போது முழுக் கோழியும் எதிரே இருக்கிறது, கேட்கிறார், சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, இந்த வயதில்.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோழியின்மேல் குனிந்துகொண்டு, ஏதோ மெஷினில் கோளாறு தேடுகிற மாதிரி ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்த்தார்.

"சரி. வாரத்துக்கு ஒண்ணாப் பாப்போம். எது பிடிக்குதுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒழுங்கா மாத்திரை போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டு இருக்கணும். நடுவுல செத்துகித்து வைக்காத."

"நீங்க மட்டும்?"

"நான் எப்படிச் சாகறது? வெட்டிக்குடுக்க ஆள் வேணாமா?"

அந்த வாரம் தொடையிலிருந்து ஆரம்பித்தோம்.